மேட்டை வெட்டுமுன் மட்டம் பாருங்கள்

சிறிய டிராக்டரின் பின்னால் ஒரு பிளேடை மாட்டி நாலு சுற்று ஓட்டிவிட்டால் தோட்டம் சமமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அரைநாள் ஓட்டிய பிறகு பார்த்தால் நிலம் அலையலையாகக் கிடக்கும். பழைய மேடு பாதி அப்படியே நிற்கும், புதிதாக நாலு பள்ளம் விழுந்திருக்கும். ஓட்டுநருக்கு வேலை தெரியவில்லை என்றோ, வண்டிக்குப் பலம் போதவில்லை என்றோ பேச்சு வரும். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. பிளேடுக்கு மட்டம் தெரியாது. டிராக்டரின் சக்கரங்கள் எதன்மீது ஏறி இறங்குகின்றனவோ, அதற்கேற்பவே அதுவும் ஏறி இறங்கும். இதைப் புரிந்துகொண்டவர்கள் சின்ன வண்டியை வைத்தே அருமையாக நிலம் திருத்துகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர்தான் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதனால்தான் 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர்கள் தென்னந்தோப்பிலும் காய்கறித் தோட்டத்திலும் இவ்வளவு ஓடுகின்றன. மஹிந்திரா ஜிவோ, ஸ்வராஜ் 717, குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி சக்தி என்று பல வண்டிகள் கிடைக்கின்றன. கல்டிவேட்டர், ரொட்டவேட்டர், டிரெய்லர் ஆகியவற்றோடு நாலடி, ஐந்தடி அகலத்தில் ஒரு பின்பக்க பிளேடையும் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.  சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படாத கருவி அதுதான்.

பிளேடு தொங்கும் விதத்தை முதலில் பார்ப்போம். டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் டாப் லிங்க் என்று மூன்று புள்ளிகளில் அது இணைகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய இந்த மும்முனை இணைப்பு, 1939-ல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டர் மூலம் உலகெங்கும் பரவியது. கருவியின் எடையும் மண்ணின் இழுவையும் பின்சக்கரங்களை அழுத்துவதால், எடை குறைந்த வண்டியும் நன்றாக இழுக்கும் என்பது அதன் சிறப்பு. உழவுக்கு இது பெரிய வரம். நிலத்தைச் சமன்படுத்தும்போது மட்டும் இதே இணைப்பு ஒரு சிக்கலைக் கொடுக்கிறது.

சின்ன டிராக்டரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்தடி. பின் அச்சிலிருந்து இன்னும் மூன்றரை அடி தள்ளி பிளேடு தொங்குகிறது. முன்சக்கரம் நாலு அங்குல மேட்டில் ஏறினால் வண்டி பின் அச்சை மையமாகக் கொண்டு சாயும். பிளேடு கிட்டத்தட்ட மூன்று அங்குலம் கீழே இறங்கி மண்ணைக் குடையும். அடுத்து பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பிளேடு ஏழு அங்குலம் அளவுக்கு மேலே தூக்கப்பட்டு, இழுத்து வந்த மண்ணை அங்கேயே கொட்டிவிடும். ஆக, மேடு வருவதற்கு முன்பே ஒரு பள்ளமும் அதையடுத்து ஒரு குவியலும் உருவாகிவிடுகின்றன. அடுத்த சுற்றில் சக்கரம் இந்தப் புதிய பள்ளத்திலும் குவியலிலும் ஏறி இறங்கும். அலை இன்னும் பெருகும். ஒரே திசையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் நிலம் கெட்டுக்கொண்டே போவது இதனால்தான்.

ஓட்டுநர் லிஃப்ட் லீவரை ஏற்றி இறக்கி இதைச் சரிக்கட்டப் பார்ப்பார். நல்ல அனுபவசாலியால் ஓரளவு முடியும். ஆனால் லீவரைத் தள்ளி, ஹைட்ராலிக் வேலை செய்து, பிளேடு நகர்வதற்குள் சக்கரம் அடுத்த மேட்டில் இருக்கும். கையைவிட முறைதான் உதவும். நிலத்தை ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்குவாக்கிலும், கடைசியாக மூலைக்கு மூலையாகவும் ஓட்ட வேண்டும். ஒரு திசையில் விழுந்த அலையை அடுத்த திசை வெட்டிவிடும். பிளேடுக்குப் பின்னால் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சக்கரங்கள் இருக்கும் மாதிரி கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்கலாம். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் அந்தச் சக்கரங்கள் பிளேடைத் தாங்கிப் பிடிக்கும். பக்கச் சுவர்கள் உள்ள பெட்டி வடிவ லெவலர் இன்னொரு நல்ல தேர்வு; மண்ணைப் பக்கவாட்டில் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போடும்.

நஞ்சை விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. சேற்றில் பரம்படிக்கும்போது தேங்கி நிற்கும் தண்ணீரே மட்டம் காட்டிவிடும். தரை தெரியும் இடம் மேடு, தண்ணீர் ஆழமாக நிற்கும் இடம் பள்ளம். பரம்பின்மேல் ஏறி நிற்பவர் மேடு வரும்போது எடையைக் கொடுத்து, பள்ளம் வரும்போது விட்டுக்கொடுப்பார். புஞ்சையில் அந்தத் தண்ணீர் இல்லை. கண்ணால் பார்த்துச் சமமாக இருக்கிறது என்று சொல்லும் நிலத்தில் அரையடி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். வேலி சாய்ந்திருந்தாலும், பக்கத்து வயல் சரிந்திருந்தாலும் கண் ஏமாந்துவிடும். எனவே வண்டியைக் கிளப்புவதற்கு முன் மட்டம் பார்த்தே ஆகவேண்டும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். நிறமற்ற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். நிலத்தை 20 அடிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் குச்சி நட்டு, தண்ணீர் மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அளவு குறைவாக வந்தால் மேடு, கூடுதலாக வந்தால் பள்ளம். எல்லா அளவுகளையும் கூட்டிக் குச்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். மண்ணை வெளியிலிருந்து கொண்டுவராமலும் வெளியே அனுப்பாமலும் நிலத்தைச் சமன் செய்ய ஏறத்தாழ அந்தச் சராசரிதான் இலக்கு. வெட்ட வேண்டிய குச்சிக்கு ஒரு நிறத் துணியும், நிரப்ப வேண்டியதற்கு வேறு நிறத் துணியும் கட்டிவிட்டால், வாடகை வண்டி ஓட்ட வருபவருக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும்போது, இந்தத் தயாரிப்புதான் காசை மிச்சப்படுத்தும்.

அந்தத் தாளை வைத்து மண் கணக்கும் போட்டுவிடுங்கள். இந்தக் கணக்கைப் பலர் செய்வதில்லை, செய்தால் ஆச்சரியப்படுவார்கள். பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அதில் இரண்டே அங்குலம் மண்ணை நகர்த்த வேண்டுமென்றால் 726 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் ஊர்க் கணக்கில் ஏழு யூனிட்டுக்கு மேல். எடையில் 25 முதல் 30 டன் வரை. ஐந்தடி பிளேடு ஒரு நடையில் நாலைந்து கன அடி மண்ணைத்தான் தள்ளிக்கொண்டு போகும். அப்படியானால் 150-லிருந்து 200 நடை. இரண்டு அங்குலத்துக்கே இவ்வளவு. ஒன்றரை அடி மேட்டை மினி டிராக்டரால் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நிரப்பும் இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மண் வேண்டும். தளர்வாகக் கொட்டிய மண் மழையிலும் நடமாட்டத்திலும் அமர்ந்துவிடும். அதனால் வெட்டும் அளவு நிரப்பும் அளவைவிட ஐந்தில் ஒரு பங்காவது அதிகமாக இருக்கும்படி இலக்கு மட்டத்தைச் சற்றுக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. பள்ளத்தில் மொத்தமாகக் கொட்டி மேலே தடவாமல், நாலு அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கின்மீதும் வண்டியை ஏற்றி இறக்கினால் பின்னால் குழி விழாது.

இனி மேல்மண். சமன்படுத்தும் வேலையில் ஏற்படும் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. இயந்திரக் கோளாறோ டீசல் செலவோ இதன் பக்கத்தில்கூட வராது. பயிருக்கு வேண்டிய கரிமமும் நுண்ணுயிர்களும் மண்புழுவும் பெரும்பாலும் மேலே உள்ள அரையடியில்தான் இருக்கின்றன. மேட்டை அரையடி வெட்டினால் அந்த உயிருள்ள மண் முழுவதும் பள்ளத்துக்குப் போய்ச் சேரும். மேடு இருந்த இடத்தில் சுக்கானோ சரளையோ வெளியே தெரியும். நிலம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடுத்த போகத்தில் மேடு இருந்த இடத்தில் பயிர் முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளாக நிற்கும், பள்ளம் இருந்த இடத்தில் மதமதவென்று வளர்ந்து சாயும். மட்டம் சரியாக இருந்தும் விளைச்சல் சமமாக இருக்காது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. மேட்டிலும் பள்ளத்திலும் முதலில் மேல்மண்ணை மட்டும் நாலைந்து அங்குலம் வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள். பிறகு அடிமண்ணை வெட்டி நிரப்பி மட்டம் கொண்டுவாருங்கள். கடைசியில் குவித்த மேல்மண்ணை எடுத்து எல்லா இடத்திலும் பரப்புங்கள். வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும்தான். ஆனாலும் மூன்று அங்குலத்துக்கு மேல் வெட்ட வேண்டிய இடத்தில் இந்த முறையை விட்டுவிட்டுக் குறுக்குவழி தேடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் மட்டும் வெட்டும் இடத்தில் அந்த அளவு கவலை தேவையில்லை. அங்கே தொழுவுரம் கூடுதலாகப் போட்டு, தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் நிலம் தேறிவிடும்.

வெட்டுவதையே குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. பக்கத்து ஏரி, குளங்களில் படிந்திருக்கும் வண்டல் மண்ணை விவசாய நிலத்துக்காக இலவசமாக எடுத்துச்செல்லத் தமிழ்நாட்டில் அரசு அனுமதி வழங்குகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். பள்ளத்தில் வண்டலைப் போட்டுப் பரப்பினால் மேட்டைத் தொடாமலே மட்டம் கிடைக்கும், நிலத்துக்கும் வளம் சேரும். மாறாக, உங்கள் நிலத்தில் வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோவதோ விற்பதோ வேறு விஷயம். அதற்கு 1959-ஆம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வேண்டும்.

எப்போது ஓட்டுவது? மண்ணின் பதம் பார்த்து. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டையே பிடிக்க வராவிட்டால் அதிகக் காய்ச்சல். பிளேடு மேலே வழுக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாகப் பெயர்க்கும். பிடித்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையாமல் தட்டையாக ஒட்டினால் ஈரம் அதிகம். விழுந்தவுடன் நாலைந்தாகச் சிதறினால் அதுதான் வேலைக்கு ஏற்ற பதம். செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் இந்தப் பதம் சில நாள் நிற்கும். கரிசலில் அந்த இடைவெளி மிகக் குறுகியது; நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல்காட்டுக்காரர்கள் குச்சி நட்டு, கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவைத்துவிட்டு அந்தப் பதத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

பதம் வந்த பிறகும் நேராகப் பிளேடை இறக்கக்கூடாது. கெட்டியான தரையைத் தோண்டும் கருவி அல்ல அது. இளகிய மண்ணை நகர்த்தும் கருவி. வெட்ட வேண்டிய இடங்களை மட்டும் முதலில் கல்டிவேட்டரால் கீறி இளக்கிவிட்டுப் பிளேடை மாட்டினால், சின்ன வண்டிக்கும் அந்த வேலை எளிதாகிவிடும். முழு நிலத்தையும் உழுதுவிடாதீர்கள். சக்கரம் ஓடக் கெட்டியான தரை இருந்தால்தான் வண்டி அசையாமல் போகும்.

ஒரு நடைக்கு ஒரு அங்குலத்துக்குமேல் வெட்ட ஆசைப்பட வேண்டாம். எடை குறைந்த வண்டியில் எஞ்சினுக்குப் பலம் தீரும் முன்பே டயரின் பிடிப்பு தீர்ந்துவிடும். சக்கரம் சுழன்றுகொண்டே நின்றால் அந்த இடத்தில் இரண்டு குழி விழும், டயரும் தேயும். அப்போது ஆக்ஸிலேட்டரை மிதிப்பதில் பயனில்லை. பிளேடைக் கொஞ்சம் தூக்க வேண்டும். டிஃபரன்ஷியல் லாக் இருக்கும் வண்டியில் நேராகப் போகும்போது மட்டும் அதைப் போடலாம். திரும்பும்போது போட்டால் கியர்ப் பெட்டிக்குக் கேடு. குறைந்த கியரில், மனிதர் நடக்கும் வேகம் போதும்.

பிளேடில் மூன்று திருத்தங்கள் உண்டு. முதலாவது திசைக்கோணம். நேராக வைத்தால் மண்ணைத் தன்முன் திரட்டிக்கொண்டு போகும். சாய்வாகத் திருப்பினால் மண் ஒரு பக்கமாக வழிந்து வரிசையாக விழும். பாதை போட, வரப்பு ஓரம் மண் அணைக்கச் சாய்வு வசதி. சாய்வாக வைத்தாலும் பின்சக்கரத் தடத்தை மறைக்கும் அகலம் பிளேடுக்கு வேண்டும். இல்லாவிட்டால் ஓடிய தடம் அப்படியே பதிந்துகிடக்கும். இரண்டாவது, ஒரு முனையைத் தாழ்த்துவது. இணைப்பின் வலது கையைத் தூக்கும் தண்டின் நீளத்தைத் திருகி மாற்றினால் ஒரு பக்கம் ஆழமாக வெட்டும். சிறு வாய்க்கால் எடுக்க இதுதான் வழி. மூன்றாவது, டாப் லிங்கைத் திருகி வெட்டுமுனையின் சாய்வை மாற்றுவது. முனை முன்னோக்கி நீட்டியிருந்தால் மண்ணில் இறங்கும், பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் தடவிக்கொண்டு போகும். வெட்டும் சுற்றுக்கு ஒன்று, மெழுகும் சுற்றுக்கு மற்றது. இரண்டு திருகு மாற்றினாலே வித்தியாசம் தெரியும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் லீவரை முழுக்க இறக்கி, பிளேடை அதன் சொந்த எடையில் மிதக்க விட்டு ஓட்டினால் மேற்பரப்பு சீராகும்.

சமம் என்றால் எல்லா இடத்திலும் தட்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நெல்வயலுக்குத்தான் அந்தத் தட்டை வேண்டும். வாய்க்கால் பாசனத் தோட்டத்தில் நூறு அடிக்கு இரண்டு முதல் நாலு அங்குலம் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தேங்காமல், மண்ணை அரிக்காமல் கடைசி வரை போகும். வீட்டை ஒட்டிய இடத்தில் வாட்டம் இதைவிட நிறைய வேண்டும்; சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் அரையடி இறக்கம் இருந்தால் அஸ்திவாரத்தில் தண்ணீர் நிற்காது. எந்த வாட்டமானாலும் கடைசியில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தில் புதிதாக வெள்ளம் விடுவதும், காலம்காலமாக ஓடும் ஓடையை அடைப்பதும் பெரிய வழக்குகளில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன.

தோப்பில் ஓட்டுபவர்கள் மரத்தடியை விட்டு விலகியே ஓட்ட வேண்டும். தென்னையின் வேர் பெரும்பாலும் தூரைச் சுற்றி ஆறடிக்குள் மேலாகவே பரவியிருக்கும். பிளேடு அதைச் சீவிவிடும். மாமரத்தின் அடித்தண்டில் மண் ஏறினால் பட்டை அழுகும். சொட்டுநீர்க் குழாய், மோட்டாருக்குப் போகும் கேபிள், புதைத்த பி.வி.சி பைப் எங்கெங்கே போகிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும் தோட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஓரத்து மண் மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் வண்டியின் எடைக்குச் சரியலாம். கிணற்றைச் சுற்றி இரண்டு வண்டி நீளத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் மண்வெட்டியால் மட்டுமே வேலை செய்யுங்கள். சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் சின்ன வண்டி பக்கவாட்டில் கவிழ வாய்ப்பு அதிகம். பின்னோக்கி வரும்போது பிள்ளைகள் யாரும் அருகில் நிற்கக்கூடாது. வண்டியை நிறுத்தினால் பிளேடைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

எந்த அளவு வரை மினி டிராக்டரை நம்பலாம் என்று கேட்டால், என் பதில் இது. சராசரியாக மூன்று அங்குலம் வரை வெட்டி நிரப்பும் வேலைக்கு அது போதும். பெரிய வண்டி நுழைய முடியாத தோப்பில் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. அரையடிக்கு மேல் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் புல்டோசரை வாடகைக்குக் கேளுங்கள். அடிவேலையை அது முடித்த பிறகு மெழுகும் வேலைக்கு உங்கள் சின்ன வண்டியைப் பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்ததும் கல்டிவேட்டரை ஒருமுறை மேலாக ஓட்டிவிடுங்கள். சக்கரம் ஓடி இறுகிய மண் இளகி மழைநீரை உள்ளே வாங்கும். அதோடு சொட்டுநீர்க் குழாய் பதிப்பதையும் நிரந்தர மரக்கன்று நடுவதையும் ஒரு மழைக்காலம் தள்ளிப்போடுங்கள். நிரப்பிய இடங்கள் அந்த மழையில்தான் அமரும். எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு, அந்த இடங்களை மட்டும் இன்னொருமுறை சரிசெய்துவிட்டு நடுங்கள்.